மூன்று மாதத்துக்குள் வேலையை விடச் சொன்னார்கள். வேதத்தில் பதில் தேடுவது எப்படி?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 28. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில், பழ லாரிகளை நிறுக்கும் தராசு அறையில் கிராணியாக இருக்கிறேன். அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர், இப்போது முடியாமல் வீட்டில் இருக்கிறார். மூன்று வருஷமாக விடியற்காலை 5 மணிக்கு எழுந்து வேதம் வாசிக்கிறேன். ஓராண்டு அட்டவணையை வைத்து இரண்டு தடவை முழுவதும் முடித்துவிட்டேன். ஆனால் சாயங்காலம் யாராவது கேட்டால், காலையில் என்ன வாசித்தேன் என்று சொல்ல வராது. தமிழ் ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டதால் பாதி வார்த்தை புரிவதும் இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் உள்ளே ஏதோ எரிகிற மாதிரி இருக்கும். போன மாதம் ஒரு கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஊழியர் என் தலையில் கை வைத்து, "கர்த்தர் உன்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார், மூன்று மாதத்துக்குள் வேலையை விட்டுவிடு" என்றார். புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையும் எரேமியா 29:11. இரண்டும் பொருந்துகிறதே என்று நினைக்கிறேன். அம்மாவோ, "வீட்டுக் கடனை யாரும்மா கட்டுறது?" என்கிறார். வேதத்தை எப்படிப் படித்தால் விசுவாசம் வளரும்? இது அழைப்புத்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மூன்று மாதத்தில் ஒரு மாதம் ஓடிவிட்டது. வேலையை இப்போது விடாதீர்கள். உங்களுக்கு அழைப்பு இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது உள்ளே எரிகிறது என்று எழுதினீர்களே, அந்த வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ராஜினாமாக் கடிதம் எழுதும் முன், அந்த அட்டையில் இருக்கிற வசனத்தை அது இருக்கிற இடத்தில் போய் வாசியுங்கள்.

அட்டையில் ஒரே ஒரு வசனம்தான் இருக்கும், பக்கத்தில் ஒரு பூவோ சூரிய உதயமோ. வேதத்தில் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு, ஊரில் மிஞ்சியிருந்த எரேமியா அவர்களுக்கு எழுதி அனுப்பிய கடிதம் அது. உங்கள் வசனத்துக்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். எழுபது வருஷம். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகமாக யாருமே ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களைப் பார்த்துத்தான், "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று சொல்லப்படுகிறது. அப்புறம் 5ஆம் வசனம்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." 7ஆம் வசனத்தில், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதின் சமாதானத்தில் உங்களுக்குச் சமாதானமிருக்கும் என்று வருகிறது.

"தோட்டங்களை நாட்டி" என்கிற இடம் வரும்போது நம் சபைகளில் ஒரு அமைதி விழும். பலமுறை பார்த்திருக்கிறேன். நம் தாத்தா பாட்டிகள் சிறை பிடிக்கப்பட்டு வந்தவர்கள் இல்லை. பசியும் கங்காணியும் கொண்டுவந்து சேர்த்த ஜனம். ஆனாலும் கொஞ்ச நாளில் ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தே லயத்தில் பிள்ளை பெற்று, அடுத்தவன் நிலத்தில் மரம் நட்டு, இந்த மண்ணிலேயே அடங்கினவர்கள். அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது என்று நமக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது.

இன்னும் ஒரு பக்கம் பின்னால் போங்கள். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர், ஆலயத்தில், ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாக, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தருடைய பெயரால் சொல்கிறார். எரேமியா உடனே எதிர்த்துப் பேசவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொன்னார். அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கும். ஆனால் சொன்னது நடக்கும்போதுதான் அந்தத் தீர்க்கதரிசியைக் கர்த்தர் அனுப்பினார் என்று தெரியவரும் என்றும் சேர்த்துச் சொன்னார். ஆக, உங்கள் அட்டை வசனத்துக்குப் பின்னால் இருப்பது இதுதான்: சீக்கிரம் நடக்கும் என்று கெடு கொடுத்த ஒருவர், நாளாகும், இருக்கிற இடத்தில் வேரூன்று என்று சொன்ன இன்னொருவர். மூன்று மாதத்துக்குள் வேலையை விடு என்பதற்கு இந்த வசனம் சாட்சி சொல்லுமா? நிதானமாக யோசியுங்கள்.

உங்கள் தலையில் கை வைத்தவரை நான் அனனியா என்று சொல்ல மாட்டேன். அவரை எனக்குத் தெரியாது, அவர் உள்ளத்தையும் தெரியாது. பவுல் தெசலோனிக்கேயருக்கு இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினார்: தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்த்தால் அவிசுவாசி ஆகிவிடுவோமோ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அந்தப் பயம் வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு 23 வயதில் இதே மாதிரி ஒரு வார்த்தை வந்தது. தற்காலிக ஆசிரியை வேலையை அந்த வாரமே விட்டேன். என்னைச் சேர்த்துக்கொண்ட ஊழியக் குழு எட்டு மாதத்தில் கலைந்தது. கூப்பிட்டவர் அதற்குப் பிறகு போன் எடுக்கவே இல்லை. நான் கேட்காமலே அப்பா பஸ்ஸுக்குக் காசு வைத்துவிட்டுப் போவார், மேசையில், தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில். அந்தக் கோப்பையைத் தூக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆறு வருஷம் கழித்து இறையியல் படிக்கப் போனேன். அப்போது என் சபை ஜெபித்து அனுப்பியது, வீட்டிலும் கலங்கவில்லை. 23 வயதில் கேட்டதும் பொய் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். கெடு மட்டும்தான் கர்த்தருடையது இல்லை.

சரி, படிப்புக்கு வருவோம். வேதத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரே வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசித்தாக வேண்டும். விடியற்காலையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், மூன்று அதிகாரம் கண்ணில் பட்டுப் போகுமே தவிர மனதில் தங்காது. உங்கள் விசுவாசத்தில் குறை இல்லை, வேகம்தான் அதிகம். இரண்டு முறை முடித்தது வீணாகவும் போகவில்லை. ஊர் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டீர்கள், எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று தெரியும். இனி ஒரு தெருவில் குடியிருங்கள்.

எந்தத் தெரு என்று கேட்டால், பழைய ஏற்பாட்டில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம். பெரும்பாலும் மாற்கு சுவிசேஷத்தில்தான் தொடங்கச் சொல்வேன். உங்களுக்கு ஆமோஸ் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது, வருகிறேன். ஒன்பதே அதிகாரம், 146 வசனம். சத்தமாக வாசித்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் வாரம் தினமும் முழுப் புத்தகத்தையும் சத்தமாக வாசியுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம். அந்தக் காலத்து ஜனங்கள் இதைக் காதால்தான் கேட்டார்கள். காதுக்குச் சிக்குவது பல நேரம் கண்ணுக்குச் சிக்காது.

மூன்றாம் நாளிலேயே காதில் ஒன்று இடிக்கும். "மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்" என்று முதல் இரண்டு அதிகாரத்தில் எட்டு முறை வரும். எந்தெந்த ஊர் என்று நோட்டில் எழுதுங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று ஆறும் அக்கம்பக்கத்து ஜனங்கள். கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஏழாவது யூதா, சொந்தக்காரன். அதற்கும் தலையாட்டியிருப்பார்கள். எட்டாவதாக ஆமோஸ் அவர்கள் பக்கமே திரும்புகிறார்: இஸ்ரவேலின் பாதகங்கள். அடுத்தவன் பாவத்துக்கு ஏழு முறை தலையாட்டியவன் எட்டாம் முறை எங்கே போய் ஒளிவான்? இதை யாரும் எனக்குப் பிரசங்கத்தில் சொல்லவில்லை. விரல் விட்டு எண்ணும்போது கிடைத்தது. அன்று காலை முழங்கால் போட்டு நெடுநேரம் இருந்தேன். விசுவாசம் ஆழப்படுவது என்றால் எனக்குத் தெரிந்தவரை இப்படித்தான்: வசனத்தில் நமக்குச் சாதகமான ஒரு பதிலைத் தேடிப் போவோம், வசனம் நம்மைக் கேள்வி கேட்கும்.

இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு ஒரு சிறு பகுதி போதும். யார் பேசுகிறார், யாரிடம், எந்த ஊரில், எந்த வார்த்தை திரும்ப வருகிறது என்று மட்டும் எழுதுங்கள். "இது எனக்கு என்ன சொல்கிறது" என்ற கேள்வியை நாலு நாள் தள்ளி வையுங்கள். இது கஷ்டம். வாக்குத்தத்த அட்டைக்குப் பழகிய நமக்கு ரொம்பவே கஷ்டம்.

தமிழ் புரியவில்லை என்றீர்கள். நாம் வாசிப்பது ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வந்த மொழிபெயர்ப்பின் வழி, அதனால் நடை பழையது. பக்கத்தில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இரண்டும் வேறுபடுகிறதோ அங்கே நின்று தோண்டுங்கள். ஆறாம் ஆண்டுத் தமிழை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வெட்கப்பட வேண்டாம். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினவர். இரண்டே வருஷத்தில், 1708இல், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். நமக்குத் தமிழில் வேதம் வந்த கதையே அப்படி மணலில் தொடங்கியது.

இப்போது ஆமோஸ் 7:14. பெத்தேலின் ஆசாரியன் அவரை, ஓடிப்போ, உன் ஊரில் போய்த் தீர்க்கதரிசனம் சொல்லிப் பிழைத்துக்கொள் என்று விரட்டுகிறான். அதற்கு அவர் சொல்லும் பதில்: "நான் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் புத்திரனுமல்ல, நான் மந்தை மேய்க்கிறவனும், காட்டத்திப்பழங்களைப் பொறுக்குகிறவனுமாயிருந்தேன்." ஒரு தோட்டத்துச் சபையில் இதை வாசித்தபோது, செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு பாட்டி, "பொறுக்குறவரா? நம்ம ஆளு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். கையை விரித்துக் காட்டினார், முள் குத்தின கறுப்புப் புள்ளிகள் உள்ளங்கை முழுக்க.

பாட்டி சொன்னது சரி, அதற்கு மேலேயும் ஒன்று இருக்கிறது. "பொறுக்குகிறவன்" என்ற இடத்தில் இருக்கும் எபிரெயச் சொல் வேதத்தில் வேறெங்கும் வராது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கீறுகிறவன் என்று பெயர்த்தார்கள். அந்த வகை அத்திப்பழத்தைக் காயாக இருக்கும்போது கத்தியால் லேசாகக் கீறிவிட்டால்தான் சீக்கிரம் பழுக்கும். மரம் மரமாகப் போய்க் கீறிக்கொண்டு வருவது ஒரு கூலி வேலை. கத்தியும் கையுமாக மரத்துக்கு மரம் நடந்து, ஆழமும் போகாமல் மேலோட்டமாகவும் விடாமல் கீறத் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். இன்று ராத்திரி இந்தப் பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பால்பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரத்துக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். எந்த விளக்கவுரையும் அப்பாவுக்குத் தெரிந்த அளவு சொல்லாது.

அடுத்த அதிகாரம்தான் உங்களுக்கு ஆமோஸை எடுத்துக் கொடுத்ததற்குக் காரணம். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று காத்திருக்கும் வியாபாரிகளைப் பற்றி 8:5 பேசுகிறது. மரக்காலைக் குறைக்கிறார்கள், எடைக்கல்லைக் கூட்டுகிறார்கள், கள்ளத்தராசினால் வஞ்சிக்கிறார்கள். பழம் கீறின கைக்காரரைக் கர்த்தர் அனுப்பியது எதற்கு என்றால், பலவற்றில் ஒன்று, தராசைப் பற்றிப் பேச.

நீங்கள் உட்கார்ந்திருப்பது தராசு அறையில்.

லாரி பழத்தோடு ஏறுகிறது, ஒரு எடை. கொட்டிவிட்டு வெறுமையாக ஏறுகிறது, இன்னொரு எடை. கழித்து வருவதை நீங்கள் சீட்டில் அடித்துக் கொடுக்கிறீர்கள். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவருடைய பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்குவது அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. நீதிமொழிகள் 11:1: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." சுமுத்திரை என்றால் நல்ல முத்திரை, சரியான அளவு என்று முத்திரை பெற்ற கல். எபிரெயத்தில் முழுமையான கல் என்றே இருக்கிறது. உங்கள் தராசிலும் அரசாங்க முத்திரை ஒட்டியிருக்குமே, நாளை போய்ப் பாருங்கள். கர்த்தருக்குப் பிரியமான ஒன்று என்று வேதம் பெயர் சொல்லிக் காட்டுவதன் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் இருக்கிறீர்கள். அதை ஊழியம் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

புதிய ஏற்பாட்டில் "அழைப்பு" என்ற சொல் பெரும்பாலும் கிறிஸ்துவுக்குள் வரும்படி எல்லா விசுவாசிகளுக்கும் வந்த அழைப்பைத்தான் குறிக்கிறது. முழுநேர ஊழியம் அதற்குள் ஒரு பங்கு, அதற்கு மேல் ஒரு படி இல்லை. இதை இன்னும் விரிவாக எழுதலாம், எபேசியர் 4ஆம் அதிகாரத்தை நீங்களே வாசித்தால் போதும்.

அதற்காக, தராசு அறையிலேயே கடைசிவரை இருங்கள் என்று நான் முடிவு கட்டவில்லை. ஆமோஸ் மந்தையை விட்டுப் போனவர்தான். நீங்களும் ஒருநாள் போகலாம். அதை யார் சேர்ந்து நிதானிப்பது என்பதுதான் கேள்வி. 1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தில் சிறுவன் சாமுவேலை மூன்று முறை கூப்பிட்டும் அவனுக்கு யார் குரல் என்று தெரியவில்லை. கண் மங்கிப்போன ஆசாரியன் ஏலிதான் கண்டுபிடித்தார். அவர் சொல்லிக் கொடுத்தது "கர்த்தாவே சொல்லும்". பையன் சொன்னது வெறும் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்". 9ஆம், 10ஆம் வசனங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் என்று 7ஆம் வசனம் சொல்கிறது, ஆகவே அந்தப் பெயரைச் சொல்லத் தயங்கினானோ என்று எனக்குத் தோன்றும். அவ்வளவு அரைகுறையாகச் சொன்ன பதிலையும் கர்த்தர் ஏற்றுக்கொண்டார். அப்புறம் 15ஆம் வசனம்: விடியற்காலமட்டும் படுத்திருந்து, எழுந்து, ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். ராத்திரி கர்த்தரே பேசியிருக்கிறார், காலையில் பையன் வழக்கமான வேலையைப் பார்க்கப் போகிறான்.

உங்கள் ஏலி, ஒரே ஒரு ராத்திரிக் கூட்டத்துக்கு வந்துபோனவராக இருக்க முடியாது. உங்களைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவராக, நீங்கள் கோபப்பட்டும் பார்த்தவராக இருக்க வேண்டும். உங்கள் போதகரிடமும், ஞாயிறு பள்ளியில் கூட நிற்கும் ஒரு மூத்த சகோதரியிடமும் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடச் சொன்ன வார்த்தை, உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் வந்தது. சபை கை வைத்து அனுப்பியது. அம்மா கேட்கும் கடன் கேள்வியையும் அந்தப் பேச்சில் சேருங்கள். அதை விசுவாசக் குறைவாக யாராவது பேசினால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படிக்க ஆசை தொடர்ந்தால், செரம்பானில் இருக்கும் செமினாரி தியோலோஜி மலேசியா, 1979இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், லுத்தரன் சபைகள் சேர்ந்து தொடங்கியது. அங்கேயும், உங்கள் சபைத் தலைமையிடமும், வேலையை விடாமல் பகுதி நேரமாகப் படிக்க என்ன வழி என்று முதலில் கேளுங்கள்.

ஒன்று மட்டும் உடனே செய்யலாம். வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்து, வீட்டு வரவேற்பறையில் நாலு பேர் ஆமோஸ் வாசியுங்கள். அம்மாவும் இருக்கட்டும். ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரி, ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்றுதானே பிலிப்புவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்? பிள்ளைகளுக்கும் அந்த எட்டு ஊர்க் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள், கைதட்டிக்கொண்டே எண்ணுவார்கள்.

ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். பால்மரத்தைப் பற்றி அப்பா என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

ஜெபத்துடன்,
அக்கா